பல்செட்காரரும் நாற்பதாயிரம் பேரும்

பல்செட்காரர் யாரையும் சுலபத்தில் நம்புகிறவர் இல்லை. அதற்கு அவருடைய தொழிலும் ஒரு காரணம். நகரத்தில் ஒரு பல் மருத்துவமனையின் பின்கட்டில் உட்கார்ந்து அடுத்தவர் வாய்க்குப் பல் செய்து கொடுப்பது அவர் வேலை. ஒருவர் வாயெல்லாம் பல்லாகச் சிரித்தால் மற்றவர்கள் சிரிப்பைப் பார்ப்பார்கள்; இவர் அதில் எது சொந்தம், எது வாங்கியது என்று பார்ப்பார். கடையில் எடை போட்டால் தராசைச் சுற்றி வந்து பார்ப்பார். இலவசமாகக் காலண்டர் கொடுத்தால்கூட எல்லா மாதமும் இருக்கிறதா என்று புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் வாங்குவார்.

இப்படிப்பட்ட மனிதர் ஓர் ஆணையத்தின் கையில் போய் மாட்டிக்கொண்டார். மாட்டியதே அந்தச் சந்தேகத்தால்தான்.

நகரம் பெருத்துக்கொண்டே போனதில் அதன் கிழக்கு ஓரத்தில் வரிசை வரிசையாக வீடுகள் முளைத்தன. பல்செட்காரர் குடும்பமும் அங்கே குடிவந்தது. வீடு வந்த வேகத்தில் பேருந்து வரவில்லை. வந்தபோதும் அதற்கு இஷ்டப்பட்ட நேரத்தில்தான் வந்தது. நிறுத்தத்தில் காத்துக் கிடந்தவர்கள் எல்லாரும் நாளடைவில் ஒருவருக்கொருவர் சொந்தக்காரர்கள் போல ஆகிவிட்டார்கள். அவர்களில் ஒருத்தி நிஜமாகவே சொந்தக்காரி: பல்செட்காரரின் மைத்துனி, அவர் மனைவியின் தங்கை. அடுத்த தெருவில் ஒற்றை அறையை வாடகைக்கு எடுத்துத் தனியாக இருந்தாள். நகரத்துக் குழந்தைகள் மருத்துவமனையில் உதவியாளர் வேலை. அழுகிற குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடப்பது, சாப்பிட மறுக்கிற குழந்தைக்குக் கதை சொல்லி ஊட்டுவது, துணி மாற்றுவது. அந்த வேலையும் அந்தச் சம்பளமும்தான் அவளுக்கு எல்லாம்.

இந்த மாதிரி ஜனங்களின் கஷ்டத்தைத் தீர்க்கத்தான் மாநகர மற்றும் சுற்றுவட்டார ஒருங்கிணைந்த பசுமை நீடித்த போக்குவரத்துத் திட்ட ஆணையம் பிறந்தது. பெயர்ப்பலகை கட்டடத்தைவிட நீளமாகப் போய்விட்டதால் 'ஆணையம்' என்ற சொல்லை மட்டும் பக்கவாட்டுச் சுவரில் மாட்டியிருந்தார்கள். முன்னால் நின்று பார்க்கிறவர்களுக்கு வெறும் திட்டம் தெரியும். ஆணையம் வேண்டுமென்றால் சந்துக்குள் போக வேண்டும்.

ஆணையம் முதலில் வீடு வீடாக ஆள் அனுப்பிக் கேள்வி கேட்டது. கேள்விகள் கொஞ்சநஞ்சமில்லை. எப்போது எழுந்திருப்பீர்கள், எப்போது கிளம்புவீர்கள், வழியில் எங்கே நிற்பீர்கள், நின்றால் ஏன் நின்றீர்கள். அடுப்பில் பாத்திரத்தை வைத்துவிட்டு வந்தவர்கள் பாதியில் உள்ளே ஓடினார்கள். சிலர் கதவையே திறக்கவில்லை. மைத்துனி, "வேலை முடிஞ்சு இப்பதான் வந்தேன், அப்புறம் வாங்க" என்றாள். அப்புறம் யாரும் வரவில்லை.

பல்செட்காரர் மட்டும் கணக்கெடுக்க வந்த பெண்ணை உட்காரவைத்து ஒன்று விடாமல் பதில் சொன்னார். விட்ட இடத்தில் இவர்களாக எதையாவது எழுதிக்கொள்வார்கள் என்று அவருக்கு உள்ளூரச் சந்தேகம். வியாழக்கிழமை மட்டும் திரும்பும் வழியில் பல் அச்சு வார்க்கும் பிளாஸ்டர் மாவு வாங்க ஒரு கடைக்குப் போவதைக்கூடச் சொன்னார். அவள் தட்டித் தட்டிக் கருவியில் ஏற்றியதை எட்டிப் பார்த்துச் சரிபார்க்கவும் செய்தார்.

"என்னங்க, கல்யாணத்துக்கு முன்னாடி எங்கப்பாகூட உங்ககிட்ட இவ்வளவு கேட்கல" என்றாள் மனைவி உள்ளேயிருந்து.

சில மாதம் கழித்து அதே பெண் ஒரு பூங்கொத்தோடு வந்தாள். பல்செட்காரர் பூங்கொத்தை வாங்கி முதலில் அதற்கு அடியில் பார்த்தார்.

"வாழ்த்துக்கள் சார். உங்க பகுதியில மொத்தம் நாற்பதாயிரம் பேர். அதுல எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னது நீங்க ஒருத்தர்தான்."

"சரி, அதுக்கென்ன?"

"அதனால அந்த நாற்பதாயிரம் பேரும் நீங்கதான் சார். பிரதிநிதிப் பயணின்னு பேரு."

"அப்போ மத்தவங்க?"

"மத்தவங்கன்னு இப்போ யாரும் இல்ல சார். நீங்கதான் மத்தவங்க."

மனைவி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றாள். "அப்போ நான் எங்க இருக்கேன்மா?"

"நீங்க சாருக்குள்ளதான் மேடம் இருக்கீங்க."

"கல்யாணம் ஆனதிலேருந்து இவரும் அதைத்தான் சொல்லிட்டிருக்காரு" என்று சொல்லிவிட்டு மனைவி உள்ளே போய்விட்டாள்.

இதில் ஏதோ சூது இருக்கிறது என்று பல்செட்காரர் முடிவு கட்டினார். பிரதிநிதி என்று தலையில் தூக்கிவைத்துவிட்டுப் பின்னால் வரி போடுவார்கள், இல்லாவிட்டால் பேருந்துப் பணிமனை கட்ட வீட்டை இடிப்பார்கள். வீட்டுப் பத்திரத்தை எடுத்து மைத்துனி வீட்டு அரிசி டப்பாவுக்குள் வைத்துவிட்டு வந்தார்.

ஆனால் பச்சை வண்ணம் பூசிய புதுப் பேருந்து வந்தது. அதுவும் அவர் செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனைக்கு வரும் நேரத்துக்குச் சொல்லிவைத்தாற்போல வந்தது. சாயங்காலம் அவர் வேலையை முடித்துக்கொண்டு வெளியே வந்தால் அங்கேயும் நின்றது. நிறுத்தத்தில் நின்றவர்களுக்கு வாயெல்லாம் சிரிப்பு. நேரம் தவறாமல் வேலைக்குப் போக முடிந்ததில் மைத்துனியை மருத்துவமனையில் நிரந்தரம் ஆக்கினார்கள். பல்செட்காரர் எழும் நேரத்துக்கே எழவும், அவர் திரும்பும் நேரத்துக்கே திரும்பவும் எல்லாரும் பழகிக்கொண்டார்கள். கொஞ்சம் முன்னே பின்னே போக வேண்டியவர்கள் மட்டும் முணுமுணுத்தார்கள்.

வியாழக்கிழமைதான் தகராறு. அன்றைக்குச் சாயங்காலம் பேருந்து நேராக வராமல் சந்துபொந்தெல்லாம் நுழைந்து பிளாஸ்டர் மாவுக் கடை வாசலில் போய் நின்றது. பள்ளி ஆசிரியை, காய்கறிக் கூடைக்காரி, மைத்துனி எல்லாரும் ஜன்னல் வழியாகக் கடையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பல்செட்காரர் தலையைக் குனிந்துகொண்டு இறங்கி மாவை வாங்கிக்கொண்டு ஓடிவருவார். கிழக்குப் பகுதியில் நாற்பதாயிரம் பேர் வாரம் தவறாமல் பிளாஸ்டர் மாவு வாங்குகிறார்கள் என்று கண்ட ஆணையம், கடைக்கு எதிரே நிழற்குடையும் சைக்கிள் நிறுத்துமிடமும் நகரும் படிக்கட்டும் கட்டியது. கடைக்காரர் ஆடிப்போய்விட்டார். ஏதோ பெரிய கட்டடம் வரப்போகிறது என்று நினைத்துப் பக்கத்துக் கடையையும் விலைபேசி வாங்கிவிட்டார்.

இதற்கிடையில் மக்கள் கருத்துக் கேட்பு மாநாடு ஒன்று நடந்தது. குளிரூட்டிய மண்டபத்தில் நாற்காலிக்கு நாற்காலி அதிகாரிகள். ஒரே ஒரு நாற்காலியில் மட்டும் 'மக்கள்' என்று ஒட்டியிருந்தார்கள். அதில் பல்செட்காரரை உட்காரவைத்தார்கள். ஆணையத்தின் தலைவர் மின்சாரக் காரில் வந்து இறங்கினார். நடுவழியில் நின்றுவிட்டால் இழுத்து வர ஒரு டீசல் காரும், தலைவர் மாறி உட்கார இன்னொரு டீசல் காரும் பின்னாலேயே வந்தன. அவர் ஒலிவாங்கியைப் பிடித்தபோது அவர் வாயின் முன்வரிசையில் இரண்டு பொய்ப்பல் பல்செட்காரருக்குப் பளிச்சென்று தெரிந்தது. வெளிநாட்டு வேலை, சுத்தமான வேலை என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டார். சந்தேகம் மட்டும் குறையவில்லை.

"எங்களைப் பார்த்து, மக்களைக் கேட்காமல் திட்டம் போடுகிறார்கள் என்கிறார்கள்" என்று தலைவர் தொடங்கினார். "மக்கள் இதோ உட்கார்ந்திருக்கிறார். கேட்டுக்கொள்ளுங்கள்! முன்பெல்லாம் கருத்துக் கேட்புக் கூட்டம் என்றால் ஒரே கூச்சல். ஒருவர் சொல்வதை இன்னொருவர் மறுப்பார். இன்று பாருங்கள், மக்களுக்குள் எவ்வளவு ஒற்றுமை! இந்த ஒற்றுமையைக் கொண்டுவர எங்களுக்குப் பல ஆண்டுகள் பிடித்தன. நீங்கள் பேருந்தில் போவதுண்டா என்று என்னைச் சிலர் கேட்கிறார்கள். நான் ஏறினால் ஒரு பயணியின் இடம் போய்விடாதா? பதவி ஏற்ற நாளிலிருந்து அந்தத் தியாகத்தைச் செய்து வருகிறேன்."

கைத்தட்டல் ஓய்ந்ததும் ஒலிவாங்கியை மக்களிடம் நீட்டினார்கள். பல்செட்காரர் எழுந்து, "வியாழக்கிழமை அந்த மாவுக் கடை..." என்றார்.

"பார்த்தீர்களா?" என்றார் தலைவர். "நன்றி சொல்ல வார்த்தை வராமல் தவிக்கிறார்."

இப்படியே போயிருந்தால் ஊர் அதன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்திருக்கும். ஆனால் ஒருநாள் பல்செட்காரரின் மனைவி குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துபோனது. அறுவை சிகிச்சை செய்து தகடு வைத்தார்கள். படுக்கையிலிருந்து ஆள் துணையில்லாமல் எழக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பகலெல்லாம் அவளைத் தனியே விட்டுவிட்டு நகரத்தில் உட்கார்ந்து பல் செய்ய அவருக்கு மனம் ஒப்பவில்லை. பல் மருத்துவமனைக்காரர்களிடம் பேசினார். அச்சுகளை ஆள் மூலம் வீட்டுக்கே அனுப்புகிறோம், செய்து கொடுங்கள் என்று ஒப்புக்கொண்டார்கள். பின்னறையில் பட்டறையைப் போட்டார். வேலைக்கு நடுவில் எழுந்து போய் மனைவிக்குத் தண்ணீர் கொடுப்பார், புரண்டு படுக்கவைப்பார்.

"இவ்வளவு நாளும் பகல்ல உங்களைப் பார்த்ததே இல்லைங்க. வெளிச்சத்துல பார்த்தா தலையெல்லாம் நரைச்சிருக்கு" என்று அவள் சிரித்தாள். வலியையும் மீறி அவள் சிரித்ததில் அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்த வாரமே கணக்கெடுக்கும் பெண் வந்துவிட்டாள். "சார், உங்களைப் பேருந்துல காணோமேன்னு மேலிடத்துல கேட்டாங்க."

பல்செட்காரர் நடந்ததைச் சொன்னார். கேட்கக் கேட்க அவள் முகம் வெளுத்தது. "அப்போ இனிமே நாற்பதாயிரம் பேரும் வீட்டுலேருந்துதான் வேலை பார்ப்பாங்களா சார்?"

"அம்மா, வீட்டுல இருக்கப்போறது நான் ஒருத்தன்."

"அதைத்தான் சார் நானும் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு வேகவேகமாகக் கருவியில் தட்டிக்கொண்டே போனாள்.

மறுநாள் பேருந்து வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. நிறுத்தத்தில் ஒரு பலகை மட்டும் வந்தது: 'இப்பகுதி மக்கள் அனைவரும் வீட்டிலிருந்தே பணியாற்றும் பசுமை வாழ்க்கைக்கு மாறிவிட்டபடியால் சேவை விலக்கிக்கொள்ளப்படுகிறது. புகையைக் குறைத்த மக்களுக்குப் பாராட்டுகள்.' அதன் கீழே வேலைக்குப் போக வழியில்லாமல் பாராட்டுப் பெற்ற மக்கள் கூட்டமாக நின்றிருந்தார்கள்.

மைத்துனி மூச்சுவாங்க வீட்டுக்கு வந்தாள். "அத்தான், நீங்க வீட்டுல இருந்தா ஊரே வீட்டுல இருக்கணுமாம். லாரியில தொத்திக்கிட்டுப் போனேன். தாமதமா வந்தேன்னு மேற்பார்வையாளர் எச்சரிக்கை கொடுத்துட்டாரு. வார்டுல ஒரு சின்னப் பொண்ணு என் கையால ஊட்டினாத்தான் வாயைத் திறக்கும். நான் போறவரைக்கும் பட்டினியா கிடந்திருக்கு."

பல்செட்காரர் கையில் இருந்த பல்லைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். மனைவிக்குத் துணையாகப் பக்கத்து வீட்டு அம்மாவைக் கொஞ்ச நேரம் உட்காரவைத்துவிட்டு மைத்துனியோடு ஒரு சரக்கு வண்டியில் ஏறி ஆணையத்துக்குப் போனார். முன்கூடத்தில் நகரத்தை அப்படியே சின்னதாகச் செய்து கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். மேம்பாலம், மரங்கள், பச்சைப் பேருந்துகள் எல்லாம் இருந்தன. கிழக்கு ஓரத்தில் ஒரே ஒரு பொம்மை மனிதன் நின்றான். கையில் ஒரு மாவு மூட்டை.

தலைவர் அவர்களை உள்ளே அழைத்தார். முகம் இறுகியிருந்தது.

"உண்மையைச் சொல்லுங்க. உங்களை வீட்டுல உட்காரச் சொன்னது யாரு? ஏதாவது கார் கம்பெனியா?"

"என் பொண்டாட்டி விழுந்துட்டா ஐயா."

"தெரியும். எங்களுக்கும் வருத்தம்தான். உங்க பகுதியில ஒரே நாள்ல நாற்பதாயிரம் மனைவிங்க வழுக்கி விழுந்திருக்காங்கன்னு சுகாதாரத் துறைக்கு அன்னைக்கே எழுதிட்டோம். குளியலறைத் தரையை ஆராய ஒரு துணைக்குழுவும் போட்டாச்சு."

"ஐயா, நான் ஒரு ஆள். பஸ்ஸுக்கு அங்க ஜனங்க நிக்கிறாங்க. ஒருதரம் வந்து பாருங்க. இதோ இவ என் மைத்துனி. ஆஸ்பத்திரியில வேலை. பஸ் இல்லைன்னா இவளுக்குச் சோறில்ல."

தலைவர் மைத்துனியைப் பார்த்தார். ஒரு கணம் அவர் கண்ணில் நிஜமான இரக்கம் தெரிந்தது.

"இவங்க உங்களுக்குள்ள ஏற்கெனவே இருக்காங்களே. இவங்களைத் தனியா எண்ணினா இரட்டைக் கணக்கு ஆகிடும். அது பெரிய குற்றம். இந்த ஆணையத்துல ஒருத்தரை ரெண்டு தடவை எண்ணினதா இதுவரைக்கும் ஒரு புகார் கிடையாது."

"என்னை ஒரு தடவைகூட யாரும் எண்ணலையே" என்றாள் மைத்துனி. "நான் இங்கதான் நிக்கிறேன். என்கிட்ட பேசுங்க."

"நிக்கிறீங்க, நான் மறுக்கல. ஆனா கணக்குப்படி நீங்க அவருக்குள்ள உட்கார்ந்திருக்கீங்க. அவர் பேசினா நீங்க பேசின மாதிரிதான்."

"அப்போ திரும்பவும் எல்லார்கிட்டயும் போய்க் கேளுங்க" என்றார் பல்செட்காரர். "இந்தத் தடவை எல்லாரும் பதில் சொல்லுவாங்க."

"கேட்போம். திட்டக் காலம் முடியட்டும். அதுவரைக்கும் மக்கள் மாறக்கூடாது. மக்கள் பாட்டுக்கு வேலையை மாத்துறதும் விழுறதும் எழுறதுமா இருந்தா, நாங்க யாருக்குன்னு திட்டம் போடறது? நீடித்த திட்டம்னா நீடிக்க வேண்டாமா?" தலைவர் எழுந்து வந்து அவர் தோளில் கை வைத்தார். "நீங்க நாளைக்குக் கிளம்பி நிறுத்தத்துக்கு வாங்க. பஸ் வந்து நிக்கும். நான் பொறுப்பு."

வெளியே வந்த பல்செட்காரர் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். இத்தனை நாளும் இவர்கள் காதில் பூ சுற்றுகிறார்கள் என்றுதான் நினைத்திருந்தார். திருட்டு என்றால் எங்காவது ஓர் இடுக்கு இருக்கும், விரலை விட்டுப் பிடித்துவிடலாம். இங்கே அப்படி எதுவும் அகப்படவில்லை. தலைவர் சொன்னதையெல்லாம் மனசார நம்பித்தான் சொன்னார். அது தெரிந்ததும் அவருக்கு முதல்முறையாகப் பயமாக இருந்தது.

வீடு திரும்பினால் வாசலில் ஊரே கூடியிருந்தது. யாரும் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தாலாவது பதிலுக்குக் கத்தியிருக்கலாம். "உங்களுக்கு இருக்கிற கஷ்டம் தெரியும். ஆனா கொஞ்சம் போயிட்டு வந்தீங்கன்னா..." என்று பள்ளி ஆசிரியை பாதியில் நிறுத்தினாள். "சும்மா ஏறி உட்கார்ந்தா போதும்" என்றாள் கூடைக்காரி.

"இவளை யாரு பார்ப்பா?" என்று கேட்டார் பல்செட்காரர். பகலில் வந்து பார்த்துக்கொள்ளக்கூடியவர்கள் எல்லாரும் பகலில் அந்தப் பேருந்தில் போக வேண்டியவர்கள்தான். பக்கத்து வீட்டு அம்மாவும் கடைசியில் பார்த்தால் தன் மகன் வேலைக்குப் போனால் பேரப்பிள்ளைகளோடு மல்லுக்கு நிற்க வேண்டியவள்.

எல்லாரும் கலைந்துபோன பிறகு மைத்துனி அக்காவின் கட்டிலோரம் உட்கார்ந்தாள். "நான் பார்த்துக்கறேன் அத்தான். நீங்க போங்க."

"உனக்கு வேலை இருக்கே."

"பஸ் வரலைன்னா அந்த வேலை எப்படியும் போயிடும். வந்தா மத்தவங்க வேலையாவது தப்பும்ல?"

"வேண்டாம்டி" என்றாள் அக்கா. "நான் எப்படியாவது எழுந்துப்பேன்." சொல்லிவிட்டு எழப் பார்த்தவள் வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டாள். அதோடு பேச்சு முடிந்தது.

மைத்துனி வேலையை விட்டாள். வாடகை கொடுக்க வழியில்லாமல் அறையைக் காலி செய்துவிட்டு ஒரு பெட்டியோடு அக்கா வீட்டுக்கே வந்துவிட்டாள். கடைசி நாள் வார்டில் அந்தப் பெண்குழந்தையிடம் சொல்லிக்கொள்ளாமலே வந்துவிட்டதாகச் சொன்னாள். சொல்லியிருந்தால் வந்திருக்க முடியாதாம்.

பேருந்தும் வந்தது. ஆணையம் வாக்குத் தவறவில்லை. பல்செட்காரர் ஏறியதும் ஊர் ஏறியது. அவருடைய பட்டறை இருந்த பின்கட்டில் இப்போது எக்ஸ்ரே இயந்திரம் இருந்ததால் நகரத்தில் அவருக்குப் போக இடமில்லை. பேருந்து நிலையத்துப் பெஞ்சில் பகலெல்லாம் உட்கார்ந்திருந்துவிட்டு, எல்லாரும் வீடு திரும்ப வேண்டும் என்பதற்காகச் சாயங்காலம் திரும்பினார். வியாழக்கிழமைகளில் பழையபடி மாவுக் கடைக்குப் போனார். பல் செய்யும் வேலையை விடியற்காலையில் பின்னறையில் செய்தார். மைத்துனி அக்காவைத் தூக்கி உட்காரவைப்பதைக் கதவிடுக்கு வழியாகப் பார்ப்பார். அவள் கை பழகிய கை, குழந்தையைத் தூக்குகிற மாதிரியே தூக்கினாள்.

ஒருநாள் காலையில் அவர் கிளம்பும் நேரத்தில் கணக்கெடுக்கும் பெண் வாசலில் வந்து நின்றாள். ஆண்டறிக்கைக்கு ஒரே ஒரு கேள்வி பாக்கியாம்.

"பேருந்து சேவையில உங்களுக்குத் திருப்தியா சார்?"

"இல்லைன்னு சொன்னா?"

அவள் தெருவை ஒருமுறை பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள். "நாற்பதாயிரம் பேருக்குத் திருப்தியில்லன்னு ஆகிடும் சார். யாருக்கும் பிடிக்காத சேவையை நடத்தக்கூடாதுன்னு விதி இருக்கு. நிறுத்திடுவாங்க."

"திருப்தின்னு சொன்னா?"

"இப்படியே நடக்கும் சார்."

பல்செட்காரர் நிறுத்தத்தைப் பார்த்தார். ஆசிரியையும் கூடைக்காரியும் இன்னும் பத்துப் பதினைந்து பேரும் அவர் வருகிறாரா என்று இங்கேயே பார்த்துக்கொண்டு நின்றார்கள். தெருமுனையில் பேருந்து வந்து நின்றுவிட்டது.

"திருப்தி" என்றார்.

"முழுத் திருப்தியா, ஓரளவா சார்?"

"முழுசாவே போட்டுக்கோம்மா."

அவள் தட்டி முடித்து நன்றி சொல்லிவிட்டுப் போனாள். சாப்பாட்டுப் பையை எடுக்க அவர் உள்ளே திரும்பினார். மைத்துனி அதைக் கையில் பிடித்துக்கொண்டு கதவருகில் நின்றிருந்தாள்.

"அத்தான்" என்றாள். "என்னையும் சேர்த்துத்தான் சொன்னீங்களா?"

பேருந்து ஒருமுறை ஒலி எழுப்பியது. அவர் பையை வாங்கிக்கொண்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் படியிறங்கினார்.